மாமனாரை நோயாளி ஆக்கிய ஹாரன்

நியாயம் முழுக்க என் பக்கம் இருந்த சண்டை என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அதிலும் தேவையில்லாமல் ஒரு பொய்யைச் சொல்லி என் மானத்தை நானே கப்பலேற்றினேன்.

என் பழைய காரின் ஸ்டியரிங் இறுகிப்போய், ஒவ்வொரு திருப்பத்திலும் செக்கு இழுக்கிற மாதிரி இருந்தது. கொல்கத்தாவின் டாக்குரியாவில் பட்டறை வைத்திருக்கும் பாபிதாவிடம் முன்பணம் கொடுத்து காரை விட்டேன். (பெயர் பாபி. 'தா' என்பது 'தாதா', அதாவது அண்ணன். மரியாதைக்குச் சேர்ப்பது.) கார் திரும்பி வந்தபோது ஸ்டியரிங் அருமையாகச் சுழன்றது. ஆனால் இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது.

முதல் சில நாட்கள் எனக்கே இது தெரியவில்லை. (கொல்கத்தா சாலையில் ஹாரன் அடிக்காத காரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.) சால்ட் லேக்கில் எங்கள் ஆபீஸ் வாசலில் இடது பக்கம் திரும்பும்போது, போனில் பேசியபடி நடந்துகொண்டிருந்த மேலதிகாரியின் முதுகுக்குப் பின்னால் அது நீளமாக அலறியது. அவர் துள்ளிய துள்ளலில் போன் ஒரு பக்கம் போனது, கண்ணாடி ஒரு பக்கம் போனது. அன்று மாலையே பட்டறைக்குப் போனேன்.

பாபிதா அலட்டிக்கொள்ளவில்லை.

"ஸ்டியரிங் குடுத்தீங்க, ஸ்டியரிங் பண்ணேன். ஹாரன் எலெக்ட்ரீஷியன் வேலை, தாதா. பாக்கியக் குடுங்க."

"நீங்க தொடுறதுக்கு முன்னாடி அது சும்மாதானே இருந்துச்சு!"

"பழைய வண்டி. ஒன்னைத் தொட்டா இன்னொன்னு போகும்."

இந்த இடத்தில் நான் குரலை உயர்த்தியிருக்க வேண்டும். ஆனால் என் வங்காளம் காய்கறி வாங்கும், வழி கேட்கும். சண்டைக்கு ஆகாது. காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் காரிலேயே தங்கிவிட்டன. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் மண் கோப்பையும் கையுமாக வந்து வட்டம் கட்டினார்கள். ஒருவர், "இவ்வளவு பெரிய ஆபீசர், ஏழை மெக்கானிக் காசுல கை வைக்கலாமா?" என்றார். வாய் திறந்தது. வந்தது இது:

"காசு இல்ல பாபிதா. மாமனாரை வேலூருக்குக் கூட்டிட்டுப் போகணும்."

நமக்கு வேலூர் என்றால் கோட்டையும் வெயிலும். கொல்கத்தாக்காரர்களுக்கு அது வைத்தியத்தின் கடைசிப் படி. இங்கே கைவிட்ட நோயாளியை அங்கேதான் அழைத்துப் போவார்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் கூட்டம் அடங்கியது. ஏழை மெக்கானிக்குக்காகப் பேசியவரே என் தோளைத் தட்டினார். பாபிதா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "முதல்லயே சொல்லக்கூடாதா? பாக்கி வேணாம், போங்க தாதா" என்றார். வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்தேன். (எங்கள் லேக் கார்டன்ஸ் சந்தில் திரும்பும்போது ஹாரன் வேறு அடித்தது.)

மாமா, அதாவது என் மாமனார், திருச்சியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. நான் அவரை வேலூருக்கு அனுப்பிய சேதி அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. வாசலில் பாபிதா, ஒரு கையில் இளநீர், மறு கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி. பின்னால் அவருடைய அம்மா. உள்ளே மாமா வெற்று மார்போடு தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். பாபிதா என்னைப் பார்த்தார். "டாக்டர் சொன்ன பயிற்சி" என்றேன். (ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுக்கும் என்பது எவ்வளவு உண்மை!)

அந்த அம்மாள் மாமாவின் தலையில் கை வைத்து, ஏதோ சொல்லிக் கண்கலங்கினார். மாமாவுக்கு வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது.

"என்ன மாப்பிள்ளை, இந்தம்மா ஏன் அழுவுறாங்க?"

"உங்களப் பாத்தா அவங்க அண்ணன் ஞாபகம் வருதாம் மாமா."

அதற்குள் அந்த அம்மாள் சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். பாபிதா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க, தாதா. வேலூர் போலாம்னா பாஷை தெரியாத ஊருன்னு அம்மா பயப்படுறாங்க. நீங்க போறப்ப எங்களையும் கூட்டிட்டுப் போங்க."

மாமா காதில் ஒரே ஒரு சொல் விழுந்திருந்தது.

"வேலூரா? யாரு வேலூர் போறா?"

அவர்கள் எதிரிலேயே, தமிழில், எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"என்னை வெச்சுப் பொய் சொன்னீங்க. போவட்டும். இந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

மாமா எழுந்து உள்ளே போனார். சட்டையைப் போட்டு, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை இருமினார். காலமெல்லாம் மைதானத்தில் விசில் ஊதிய மனிதர் என் மானத்தைக் காப்பாற்ற இருமினார். அந்த இருமலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

"டிக்கெட் போடுங்க மாப்பிள்ளை. எனக்கும் சேத்து" என்றார்.

துர்கா பூஜை விடுமுறையோடு சேர்த்து அந்தமானுக்குப் போக நான் சேமித்து வைத்திருந்த லீவு காட்பாடி ரயிலில் கரைந்தது. ஆஸ்பத்திரியில் பாபிதாவின் அம்மாவுக்கு நான்தான் வாய், நான்தான் காது. வீக்கம் பயப்படும்படியானது இல்லை, மாத்திரையில் சரியாகிவிடும் என்றார்கள். மாமாவும் சும்மா வந்த பாவத்துக்கு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது.

என் மனைவி போனில், "அச்சானியமா வாயத் தொறந்தீங்கல்ல, அதான் பலிச்சிருச்சு!" என்று அழுதாள். மாமா மட்டும், "பொய் சொல்லலைன்னா இது தெரியாமலே போயிருக்கும்ல" என்று எனக்காகப் பேசினார். அது இன்னும் வலித்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரி எதிரே ஒரு டீக்கடையில் பாபிதாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"ஹாரன் ஒயரு என் கையாலதான் போச்சு, தாதா. நாலு பேர் முன்னாடி ஒத்துக்கக் கூச்சம். நீங்க இன்னும் ரெண்டு வார்த்தை சத்தமாப் பேசியிருந்தா சரி பண்ணிக் குடுத்திருப்பேன்."

மாமா அங்கிருந்தே திருச்சிக்குப் போய்விட்டார். திரும்பும் ரயிலில் பாபிதா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டார். எதுவும் தெரியாத அவர் அம்மாதான், "உங்க மாமனார் பிழைச்சுக்குவார்ல?" என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் வந்ததும் பாபிதா ஹாரனைச் சரிசெய்து, பாக்கியை எண்ணி வாங்கிக்கொண்டார். நானும் பேரம் பேசவில்லை.

இப்போதெல்லாம் லீவு கேட்க நான் ஆபீசுக்குப் போன் எடுத்தாலே வீடு விழிப்பாகிவிடுகிறது. "எம் பேரச் சொல்லாதீங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து கத்துவாள். "என் பேரும் வேணாம்ப்பா" என்பாள் மகள். போன தடவை மாமா வீடியோ காலில் இருந்தார். சர்க்கரை போடாத காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"புள்ளைங்கள விட்டுடுங்க மாப்பிள்ளை. என்னையே சொல்லிக்குங்க. எனக்குத்தான் ஏற்கெனவே வந்தாச்சே."