டயருக்குள் போன தண்ணீரும் அது வெளியே வந்த விதமும்

ஆண்டிமடம்,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் கலந்த மாப்பிள்ளை பிரேம்குமார் அவர்களுக்கு, மாமனார் ராசாங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தை பஞ்சவர்ணமும், பூஜை லீவுக்கு வந்திருக்கும் என் இளைய மகள் தமிழ்மொழியும், முந்திரி லோடு அடிக்கும் என் இரண்டு லாரிகளும் நலம். நீங்கள் விட்டுவிட்டுப் போன ரிமோட் லாரியும் இப்போது நலம். "இப்போது" என்று ஏன் போட்டேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனை எடுத்தால் நான் "சாப்டீங்களா மாப்ள" என்கிறேன், நீங்கள் "சாப்டேன் மாமா, நீங்க?" என்கிறீர்கள், கல்யாணமான நாளிலிருந்து நம் பேச்சு அந்த இடத்தைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்ட நீங்கள் போன மாதம் ஊருக்குக் கிளம்பும்போது, ஆயுத பூச முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம பெரம்பலூர்ல பந்தயம் இருக்கு, அதுவரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டும், உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் மாமா என்றீர்கள். நான் உங்களை நம்பிப் பெண்ணைக் கொடுத்தேன். நீங்கள் என்னை நம்பி வண்டியைக் கொடுத்தீர்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்த வண்டி பந்தயத்தில் ஓடாமல் போனால் நான் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் அரிவாள்மனைக்கே பொட்டு வைக்கிறோம், ஒரு லாரியைக் கழுவாமல் விடுவோமா? தண்ணிக்குள்ளயே ஓடும் மாமா என்று நீங்கள் சொன்னதும் நினைவில் இருந்ததால், இதையும் வாட்டர் சர்வீசுக்கு எடுத்துப்போய், என் இரண்டு லாரிக்கும் அடித்த பைப்பையே இதற்கும் அடிக்கச் சொன்னேன். முதல் அடியிலேயே வண்டி பறந்துபோய் வேலிமேல் உட்கார்ந்துகொண்டது. பிறகு நானே செருப்புக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, பைப்பை வாங்கி, சக்கரம் சக்கரமாக, ரிம்முக்குள் ஒரு தூசி இல்லாமல் அடித்தேன். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் முடிந்து எலுமிச்சம்பழம் வைத்தோம். என் லாரிகள் இரண்டும் பழத்தை நசுக்கிவிட்டு ஒழுங்காகப் போய் நின்றன. உங்கள் வண்டி துள்ளியது, நடுங்கியது, பழத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளாடிவிட்டு, நேரே பொரித் தாம்பாளத்துக்குள் ஏறி வாசல் முழுக்கப் பொரியை இறைத்தது. உங்கள் அத்தைக்கு முகம் செத்துப்போனது. பழத்த நசுக்காத வண்டிய அந்தப் புள்ள பந்தயத்துக்கு எப்படிங்க எடுத்துக்கிட்டுப் போவும் என்று கேட்டுவிட்டு, இனி அந்த வண்டி இருக்கும் பக்கமே திரும்பமாட்டேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தூக்கிப் பார்த்தேன், கல் கனம் கனத்தது. காற்று இறங்கியிருக்கும் என்று பஞ்சர் கடை அழகேசனிடம் கொண்டுபோனேன். அவர் நாலு டயரையும் திருப்பித் திருப்பிக் காற்று அடிக்கிற வாயைத் தேடினார், கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான் தமிழ்மொழி போனில் எதையோ பார்த்துவிட்டு, அதில் டியூபும் கிடையாது, காற்றும் கிடையாது, டயருக்குள் ஸ்பாஞ்சுதான் இருக்கிறது, ரிம்மில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் போய் அந்த ஸ்பாஞ்சு குடித்துவிட்டது என்றாள். நானும் அழகேசனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். காற்றே இல்லாத ஒரு டயர்! எத்தனை வருசம் வழியிலே டயர் வெடித்து, நடுரோட்டிலே ஜாக்கி போட்டு, ஸ்டெப்னியோடு மல்லுக்கட்டியிருப்பேன், எவனோ ஒரு மகராசன் எங்கேயோ உட்கார்ந்து காற்றே வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கிறானே என்று எனக்குக் கும்பிடத் தோன்றியது. அழகேசன்தான், இது பெரிய லாரிக்கும் வந்துட்டா நான் எங்க போறது என்று கவலைப்பட்டார்.

தண்ணீரை எடுக்கிற வேலை அப்புறம்தான் ஆரம்பித்தது. பிழிந்தால் ஒரு கரண்டி வந்தது, உள்ளே இன்னும் களக் களக் என்றது. வெயிலில் வைக்கலாம் என்றால் வானம் மூடிக்கொண்டு கிடந்தது. போன் நனைந்தால் அரிசியில் போடுகிறார்களே என்று சக்கரங்களைக் கழற்றி அரிசித் தவலைக்குள் புதைத்தேன், மறுநாள் ரசத்தைப் பிசைந்து வாயில் வைத்தால் பஞ்சர் கடை வாசனை. கடைசியில் சக்கரத்தை மாட்டி, வண்டியை மல்லாக்கப் பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் சுற்றவிட்டேன். ஒரு சொட்டு வரவில்லை. தமிழ்மொழி சொன்னாள்:

"சுத்தும்போது தண்ணி டயரோட வெளிப்பக்கமா ஓடிடுதுப்பா. ஓட்ட உள்பக்கம் ரிம்முல இருக்கு. அப்புறம் எப்படி வரும்? டயரு மேலயே ஓட்ட போடணும்."

அழகேசனுக்குக் கை வரவில்லை. "ஓட்டைய அடைக்கத்தாங்க கடை வச்சிருக்கேன்," என்றார், "நல்ல டயர குத்தச் சொல்றீங்களே, மனசு கேக்குமா?" எனக்கு மட்டும் கேட்குமா மாப்பிள்ளை? உங்களுடைய வண்டி, பந்தயம் வேறு. ஆனால் வேறு வழியும் இல்லை. முந்திரி மூட்டை தைக்கிற கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, குலசாமியை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு டயரின் நடு முதுகிலும் குத்தினேன். புகை வந்தது. வாசலில் நின்று வண்டியைத் தூக்கிப் பிடித்து ரிமோட்டை அமுக்கினேன்.

அதை எப்படி எழுதுவேன். டயரிலிருந்து ஒரு நூல் மாதிரி தண்ணீர் கிளம்பியது, கிளம்பியது வட்டமாகத் திரும்பியது, கண் மூடித் திறப்பதற்குள் என் தலைக்கு மேலே வரைக்கும் வெள்ளி வளையமாகச் சுற்றி நின்றது. அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் விழுந்ததா, வளையத்துக்குள் ஏழு கலரும் வந்துவிட்டன. நானும் தமிழ்மொழியும் அழகேசனும் வேடிக்கை பார்க்க வந்த தெருவும் தொப்பலாக நனைந்து நின்றோம், ஒருத்தர் நகரவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற டயருக்குள்ளே இத்தனை தண்ணீர் எங்கே ஒளிந்திருந்தது? எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இப்போது வண்டி பூ மாதிரி லேசாக இருக்கிறது, நேர்கோட்டில் ஓடுகிறது. இந்தக் கடிதத்தோடு பெட்டியில் வைத்து, செந்துறை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றி, பெரம்பலூரில் நீங்கள் வந்து தங்கும் நண்பர் வீட்டுக்கு அனுப்புகிறேன். டயரில் இருக்கும் ஓட்டைகளுக்கு மட்டும் மன்னிக்கவும். இனி சத்தியமாக அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டேன். நீங்கள் நல்லபடியாக ஓட்டி ஜெயித்து, நோய்நொடி இல்லாமல், குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொள்ளும்,

மாமனார்,
ராசாங்கம்.

பி.கு.: பெட்டியில் வண்டி இல்லையே என்று பயந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது முந்திரிப் பருப்பு. பெட்டியை மூடப் போகும்போது உங்கள் அத்தை வந்து, ஊரே பாத்துச்சு, நான் ஒருத்திதான் அந்தத் தண்ணி வளையத்தப் பாக்கல என்றாள். என்ன செய்வது, வண்டியை வாளியில் முக்கி எடுத்தோம். பார்த்துவிட்டு வாயில் கை வைத்து நின்றவள், ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், இன்னும் தரவில்லை. வண்டி மறுபடி வாளிக்குள்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வண்டியோடு நேரே பந்தயத் திடலுக்கே வந்துவிடுகிறோம். அங்கே இருக்கிறவர்களும் பார்க்க வேண்டாமா? நீங்கள் ஒரு குடம் தண்ணீர் மட்டும் எடுத்து வையுங்கள்.