பாதுகாப்பான முறையில் காபி குடித்த விவரம்

ஆரணி,
செவ்வாய் காலை.

அன்புள்ள வர்ஷாவுக்கு, மாமா ஜினசந்திரன் ஆசி கூறி எழுதுவது.

பல நாள் ஆலோசனைக்குப் பிறகு, அந்த டேட்டிங் செயலியில் என் படமாக என் பின்னந்தலையை வைப்பது என்று முடிவெடுத்தேன். வங்கியில் கிளை மேலாளராக இருந்த காலத்தில்கூட ஒரு முடிவுக்காக நான் இவ்வளவு யோசித்ததில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் சௌகரியம். உன் சௌகரியத்தை நீ தனியாக எழுதவேண்டியதில்லை. உன் அம்மா அதைத் தினமும் தெருவுக்கே அறிவித்துவிடுகிறாள். நான் போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், என் போன் தற்போது உன் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். உன் அத்தை காலமானபிறகு, மாலையில் காபி போட்டு எதிரே ஆளில்லாமல் குடிப்பது எனக்கு இன்னும் பழகவில்லை என்று நான் சொன்னதும், பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த நீ செயலியையும் போட்டுக் கொடுத்துப் பாதுகாப்பு விதிகளையும் சொல்லிக் கொடுத்தாய். முகம் காட்டாதே, முழுப்பெயர் சொல்லாதே, ஊரைச் சொல்லாதே என்றாய். ஒன்றையும் நான் மீறவில்லை. பெயர் சந்திரன், ஊர் வட தமிழ்நாடு என்று கொடுத்தேன். எந்த மாதிரி பழக்கம் வேண்டும் என்று செயலி கேட்டதற்கு 'கேஷுவல்' என்பதைத் தொட்டேன். வங்கியில் கேஷுவல் லீவுக்கு மட்டும்தான் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அதன்பின் எனக்கு வந்த சில செய்திகளின் பொருள் இன்றுவரை விளங்கவில்லை. அவற்றை உன்னிடம் கேட்பது முறையுமல்ல.

ஆனால் 'ஜெயா' என்று ஒருவர் மரியாதையாக எழுதினார். அவர் படத்தில் ஒரு செம்பருத்திப் பூ மட்டுமே இருந்தது. அவரும் விதிகள் தெரிந்தவர் என்று மகிழ்ந்தேன். சில வாரம் எழுதிக்கொண்டோம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவருக்குத் தெரியாது, அவ்வளவு பாதுகாப்பு. ஒருநாள் அவர் இரவு உணவுக்குச் சந்திக்கலாமா என்று கேட்டார். பொழுது சாய்ந்தபின் நான் சாப்பிடுவதில்லை, ஐந்தரைக்குள் முடித்துக்கொள்ளலாமா என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "அய்யோ, நீங்க நைனாரா? எந்த ஊருங்க? பொழுது சாஞ்சா சாப்பிடாத ஜைனருதான் நாங்களும், போளூரு. ராத்திரின்னு சும்மா கேட்டேன், நாகரிகமா இருக்கட்டுமேன்னு." முகத்தை மறைத்தேன், பெயரை மறைத்தேன், வயிற்றை மறைக்கவேண்டும் என்று நீ சொல்லவில்லையே, வர்ஷா.

பொது இடத்தில் சந்திக்கவேண்டும் என்பதும் உன் விதி. ஆரணியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், போளூரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆகவே சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு சைவ ஓட்டல் என்று முடிவாயிற்று. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ என்பது அடுத்த விதி. நீ போனை எடுக்கவில்லை. உன் அம்மாவிடம் சொன்னேன்.

"அண்ணா, நீ பேங்க்குல எத்தினி பேரை நம்பி கடன் குடுத்து முழிச்சவன்! தனியா போவாத. நான் தூரமா ஒரு டேபிள்ல ஒக்காந்துகினு பாத்துகினு இருக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்" என்றாள். கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில் வந்தாள். அது மறைந்திருந்து பார்ப்பதற்கேற்ற உடையா என்று கேட்டதற்கு, ஓட்டலில் நாலு பேர் பார்ப்பார்கள் என்றாள்.

ஜெயா வந்தார். ஜெயவதி என்பது முழுப்பெயர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, கணவர் இல்லை. அவர் உட்கார்ந்து காபி சொல்லும்போதே, பக்கத்து மேசையில் ஒருவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னையே முறைப்பதை உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து நேராக அவரிடம் போனாள்.

"யோவ், எதுக்கு எங்க அண்ணனையே மொறைச்சிகினு கீற? எந்த கும்பலு நீ?"

"மேடம், மரியாதையா பேசுங்க. நான் எங்க தங்கச்சிக்குக் காவலா வந்துகீறேன். ஒங்க அண்ணன் மூஞ்சிய பாத்தா எனக்குத்தான் பேஜாரா கீது."

"எந்த ஊரு நீங்க?"

அவர் ஊரைச் சொன்னார். அவர் பெயர் அப்பாண்டைராஜன். அடுத்த இட்லி வருவதற்குள் உன் அம்மாவின் சித்தப்பாவுடைய மாமனாரும் அவருடைய பெரியம்மா வீட்டுக்காரரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று நிரூபணமாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே மேசைக்கு மாறி, தலையை நெருக்கி வைத்துப் பேசத் தொடங்கினார்கள். பேப்பர் கீழே விழுந்துகிடந்தது.

ஜெயவதி அம்மாள் அவர்களைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், இப்ப நம்மள யாருமே பாக்கலீங்க. இப்பத்தான் நாம நெஜமாவே ஆபத்துல இருக்கறோம்." நான் சிரித்துவிட்டேன், வர்ஷா. காபி மூக்கில் ஏறியது. உன் அத்தை போனபிறகு எனக்கு அப்படி ஆனது அன்றுதான். மறுபடி எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு என்றார்.

ஆனால் திரும்பும் பஸ்ஸில் உன் அம்மா என் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். "ஒரு நல்ல விஷயம் பேசிகினு இருக்கறோம். அது முடியற வரைக்கும் நீயும் அந்தம்மாவும் பாக்கக்கூடாது, போன்லயும் பேசக்கூடாது. ஊரு என்னா பேசும்?" என்றாள். என்ன விஷயம் என்றால் சொல்லமாட்டேன் என்கிறாள். நான் ஒரு காபி குடித்ததில் எந்த விஷயம் தொடங்கி எது முடியவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. தயவுசெய்து நீ உன் அம்மாவிடம் பேசி என் போனை வாங்கிக் கொடு. உன் விதிகளால் நம் குடும்பத்தின் எந்தத் தகவலும் வெளியே போகவில்லை, எல்லோரும் பத்திரமாக வீடு சேர்ந்தோம் என்பதையும் அவளுக்கு எடுத்துச் சொல்.

நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா,
ஜினசந்திரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் அம்மா வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அப்பாண்டைராஜனின் மகன் ஆதீஷும் பெங்களூரில்தான் வேலை பார்க்கிறானாம். உன் படம், சம்பளம், அறை முகவரி எல்லாவற்றையும் உன் அம்மா சேத்துப்பட்டிலேயே கொடுத்துவிட்டாள். பையனுக்குச் சம்மதமாம். அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பமும் ஒரே வேனில் உன்னைப் பார்க்க வருகிறார்கள். பையனின் அத்தை என்ற முறையில் ஜெயவதி அம்மாளும் வருகிறார். வேனில் எனக்கு இடமில்லை.