பாதிப் பாட்டுக்கு வந்த சாமி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒருமுறை வீட்டு ரேடியோவைக் கழற்றி மாட்டியபோது திருகாணிகள் சில மிச்சமாகிவிட்டன. ரேடியோ என்னவோ பாடிக்கொண்டுதான் இருந்தது. உலகத்தில் எல்லாவற்றிலும் தேவையில்லாத பாகம் கொஞ்சம் இருக்கிறது என்ற ஞானம் எனக்கு அன்றுதான் வந்தது. (வராமலே இருந்திருக்கலாம்.)

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் நாங்கள் நான்கு பேர் ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். பெயர் ‘செம்மண் எக்ஸ்பிரஸ்’. கிட்டாரோடு சேர்த்து நாட்டுப்புறப் பாட்டு. நால்வரில் ஒருவனும் செம்மண்ணில் செருப்பில்லாமல் நடந்தவன் இல்லை. கிட்டார், என் கல்லூரித் தோழன் முகுந்தன். பாட்டும் உடுக்கையும் நான். முகுந்தன் வீட்டு மொட்டை மாடியில் ஆரம்பித்து, கல்லூரி விழாவுக்குப் போய், பிள்ளையார் சதுர்த்திப் பந்தல்களுக்கு உயர்ந்தோம். நஞ்சன்கூட்டிலிருந்துகூட ஆள் வந்து கூப்பிட்டார்கள். கடைசியில் திரைச்சீலை வைத்த நிஜ அரங்கம் ஒன்றில் எங்கள் கச்சேரி என்று முடிவாயிற்று. பெங்களூரிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் கேட்க வருவதாகச் சொன்னார்.

அப்பா மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எனக்கும் அங்கேயே சொல்லி வைத்திருந்தார். “அந்த ஆளு கேசட் போடறேன்னு சொன்னா உன் வழியில போ. நான் குறுக்க வரல. இல்லேன்னா திங்கக்கெழமை என்கூட பஸ் ஏறு” என்றார். நியாயமான மனிதர். அதுதான் எரிச்சல்.

எங்களை வளர்த்தது ஒரே ஒரு பாட்டு. ஹனூர் பக்கத்தில் அத்தை ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, பாடுவது. டேப் ரெக்கார்டரில் பதிவு செய்துகொண்டு வந்தேன். (அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எருமையையும் மனிதர்களையும் ஒரே குரலில் அதட்டுபவர்.) பாட்டின் முதல் பாதி அம்மனை அழைப்பது. உடுக்கை அடி ஏறிக்கொண்டே போகும், கேட்பவனுக்கு உள்ளங்கால் அரிக்கும். இரண்டாம் பாதி, வந்த அம்மனைக் குளிர வைத்து அனுப்புவது. மலையேற்றுவது என்பார்கள். அது மெதுவாக, இழுத்து இழுத்துப் போகும்.

இவ்வளவு இழுவை எதற்கு என்று எனக்கு ஆராய்ச்சி வந்துவிட்டது. கழற்றிப் போட்டால் என்ன ஆகும்? போட்டேன். உச்சத்தில் உடுக்கையும் கிட்டாரும் ‘டப்’பென்று நிற்கும்படி செய்தோம். பந்தலில் விசில் பறந்தது. டேப்பில் இருந்த இரண்டாம் பாதியின் மேலேயே எங்கள் ஒத்திகையைப் பதிவு செய்துவிட்டேன். (கேசட்டை வீணாக்கக் கூடாது பாருங்கள்.)

கச்சேரி அன்று சாயங்காலம் அரங்கம் நிறைந்தது. முதல் வரிசையில் அப்பா, அவர் பக்கத்தில் கொள்ளேகால் வழியாக பஸ் பிடித்து வந்த அத்தை, அத்தை பக்கத்தில் கேசட்காரர். நல்ல குடும்பத்துப் பையன் என்று அவருக்குப் புரியட்டும் என நானேதான் அப்படி உட்கார வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைசியாக அந்தப் பாட்டு. அடி ஏறியது, ஏறியது, உச்சத்தில் நின்றது. கைதட்டலோ கைதட்டல். கேசட்காரரும் தட்டுவதைப் பார்த்தேன். சட்டென்று அவர் தட்டுவதை நிறுத்தினார். அத்தை அவர் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். கொண்டை அவிழ்ந்து கிடந்தது.

பிறகு அத்தை மேடைக்கே வந்துவிட்டார்.

“கூப்புட்டீங்கொ, வந்துட்டேன். இப்ப என்றா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறீங்கொ?”

அப்பா பின்னாலேயே ஓடி வந்து கும்பிட்டார். “தாயே, பசங்க தெரியாம பண்ணிட்டாங்க. என்ன வேணும்னு சொல்லு.”

“மிச்சப் பாட்டப் பாடச் சொல்லு. நான் போகோணும்.”

மிச்சப் பாட்டு யாருக்குத் தெரியும்? அடியை விட்டு வெறுமனே நிற்கவும் பயம். தெரிந்ததையே மறுபடி அடித்தேன். தெரிந்தது அழைக்கும் பாதி. நாலாவது வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து ஆடினார். இன்னும் வேகமாக அடித்தேன். பால்கனியில் இன்னொருவர்.

முகுந்தன் என் காதருகே வந்தான். “மகா, இதுல ரிவர்ஸ் கியர் இல்வா?” (‘மகா’ என்றால் மச்சான். மைசூர்த் தமிழன் பாதிக் கன்னடத்தில்தான் பயப்படுவான்.)

“நிறுத்துடா” என்றார் அப்பா. “நிறுத்தாதே” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை என் முன்னால் ஸ்டாண்டில் இருந்த மைக்கைப் பிடுங்கினார். அவரே அனுப்பும் பாட்டை எடுத்தார். சாமி தன்னைத் தானே மலையேற்றிக்கொண்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை. நான் இழுவை என்று வெட்டிப் போட்ட அந்தப் பாதியை அத்தை பாடப் பாட, பால்கனி அம்மாள் உட்கார்ந்தார். நாலாவது வரிசை அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகுந்தன் மெல்ல கிட்டாரைச் சேர்த்தான். அரங்கத்தில் ஒருவரும் இருமவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும்தான் மேடையில் வேலையில்லாமல் நின்றேன்.

பாடி முடித்ததும் அத்தை ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து கொண்டை போட்டார். “கண்ணு, குடிக்கத் தண்ணி இருக்குதா?”

கேசட்காரர் தோளில் சட்டை கசங்க, கண் கலங்க வந்தார். “கண்டிப்பா கேசட் போடலாம் சார்” என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கு இறக்கை முளைத்தது. “அந்தம்மா பாடினாங்களே, அது மட்டும் போதும்.”

“எருமைக்குத் தண்ணி காட்டோணும்ங்” என்று அத்தை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை நான் ஹெப்பாள் பஸ் ஏறினேன்.

ஒரு சந்தேகம் மட்டும் என்னை விடவே இல்லை. மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு எப்படித் தெரிந்தது? போன மாதம் என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது கேட்டே விட்டேன். “அத்தை, அன்னைக்கு நெசமாவே சாமி வந்துச்சா?”

“நீ நெசமாவே கூப்புட்டியா?” என்றார் அத்தை.

பத்திரிகைத் தட்டை நீட்டினேன். என் மனைவி அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அதற்கு முன் போன எட்டு வீட்டிலும் சொந்தக்காரர்கள் கேட்ட அதே கேள்வியை, தட்டை வாங்கிக்கொண்டே அத்தையும் கேட்டார்.

“கூப்புடறதெல்லாம் சரி கண்ணு. இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா அனுப்பி வெப்பியா?”