இன்டர்வியூவில் வைத்த பூ

ஆங்கிலம் தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆங்கில மரபுத்தொடர்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அந்த ரகம். (இப்போது தேறிவிட்டேன், பயப்படாதீர்கள்.)

ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. மாரண்டஹள்ளியில் தக்காளி வியாபாரம் பார்க்கும் அப்பா முந்தின நாளே சொல்லிவிட்டார்: "இதுவும் கெடைக்கலீன்னா தையில கல்யாணந்தான் கண்ணு. மாப்ள வூட்டுக்காரங்க எத்தன நாளைக்கு பொறுப்பாங்க?" எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், வேலைதான் வேண்டும்.

"பதிலுக்கு ஒரு இடியம் போடும்மா, அசந்துருவாங்க" என்றார் ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டர். எங்கள் ஊர்ப் பந்தியில், போதும் என்று கையை மறித்தாலும் இன்னொரு கரண்டி ஊற்றாமல் விடமாட்டோம். எனக்கும் அந்தக் கைதான்.

எதிரே கண்ணாடி போட்ட ஒரு மேடமும் பெங்களூர்க்காரர் ஒரு சாரும். படிப்பு எப்படி என்று மேடம் கேட்டார். "பீஸ் ஆஃப் கேக்" என்றேன். ரொம்பச் சுலபம் என்று அர்த்தம். (மூன்று அரியர் வைத்தவள் பேசுகிற பேச்சா இது?) காலேஜுக்கு ஒழுங்காகப் போனீர்களா என்றார். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன், மேடம்!" எப்போதாவது ஒரு தடவை என்று பொருள். நான் சொல்ல வந்தது லீவு போட்டதை.

"இடியம் இல்லாமல் பேசுங்கள்" என்றார் மேடம், ஆங்கிலத்தில். அவ்வளவுதான், என் சரக்கு தீர்ந்துவிட்டது.

சார் முன்னால் சாய்ந்தார். "தினமும் மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவேன் என்கிறீர்கள். பத்து நாளில் நின்றுவிட மாட்டீர்களே?"

தை மாதம் கண்முன் வந்து நின்றது. எங்கள் வீட்டுத் தமிழ் ஆங்கில வேஷம் கட்டிக்கொண்டு வாயிலிருந்து குதித்தது: "சார், ஐ ஆம் நாட் புட்டிங் ஃப்ளவர் இன் யுவர் இயர்!"

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சார் தன் காதைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "கிவி மேலே ஹூவா?" ஏமாற்றுவதைக் கன்னடத்திலும் காதில் பூ வைப்பது என்றுதான் சொல்வார்களாம்! "ஏமாத்த மாட்டேங்கறா மேடம்" என்று விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்பதாம்மா நீ பேசறே. இன்னும் பேசு."

பேசினேன். ஓட்டை இங்கிலீஷ்தான், ஆனால் என் சொந்த இங்கிலீஷ். வேலை கிடைத்தது, தை மாதம் தப்பித்தது.

முதல் நாள் காலையில் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பூக்கடையில் ஒரு சாமந்தியை வாங்கி, அத்தனை பேர் பார்க்கக் காதில் செருகிக்கொண்டார். "நெசமாலுமே வேலைக்குத்தான போற கண்ணு?" பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

இப்போது அதே கம்பெனியில் இன்டர்வியூ எடுப்பவள் நான். ஓசூரிலேயே வீடு. "இந்த ஞாயித்துக்கிழம கண்டிப்பா வர்றேம்பா" என்று வீடியோ காலில் சொன்னால் போதும், அப்பா எழுந்து போய், சாமி படத்திலிருந்து ஒரு பூவை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்.