முதல் அரங்கத்தில் விசில்

டத்தோ "என் அன்பான வாக்காளப் பெருமக்களே" என்று தொடங்கியதுமே மூன்றாவது வரிசையிலிருந்து விசில் பறந்தது. பின்னாலேயே ஒரு குரல், "ஒன்ஸ் மோர்!"

ஓரத்தில் நின்ற உஷாராணி சட்டென்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிரிக்பீல்ட்ஸில் உள்ள அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் பார்வையாளர்களைத் திரட்டி வந்து உட்கார வைப்பது அவள் வேலை. இன்று முதல் அரங்கத்தில் டத்தோ பட்டம் பெற்ற அந்த வேட்பாளரின் தேர்தல் உரை, நேரலை. இரண்டாம் அரங்கத்தில் சிறுவர் பாட்டுப் போட்டி. பண்டமாரானிலிருந்து கட்சிக்காரர்களோடு ஒரு பஸ், பாட்டுப் போட்டிக்குப் பெற்றோரோடு ஒரு பஸ். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்க, அவள் கீழே இறங்கி வருவதற்குள் வாசல் காவலரே எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டார். கட்சிச் சின்னம் அணிந்து வரக்கூடாது என்பது நிலையத்தின் விதி. அதனால் யார் எந்தக் கூட்டம் என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

போன மாதம் சமையல் நிகழ்ச்சிக்கு ஆள் பற்றாமல் போனபோதே தயாரிப்பாளர் குகன் சொல்லிவிட்டான்: "இன்னொரு தப்பு நடந்தா ஒப்பந்தம் கிடையாதுக்கா."

டத்தோ தன் சிறுவயதுக் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்க, பின்னணியில் புல்லாங்குழல் அழுதது. பாட்டுப் போட்டியில் ஒவ்வொரு பிள்ளையும் பாடுவதற்கு முன்பு போடுகிற அதே புல்லாங்குழல். அதே நீல விளக்கு. கூட்டம் கைப்பேசி வெளிச்சத்தை உயர்த்தி ஆட்டியது.

இரண்டு கூட்டமும் அரங்கம் மாறி உட்கார்ந்துவிட்டன என்று அவளுக்கு உறுதியாயிற்று.

அடங்குங்கள் என்று உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினாள். தரையைத் தட்டச் சொல்கிறாள் என்று நினைத்து, அத்தனை பேரும் காலால் தடதடவென்று தட்டினார்கள்.

முன்வரிசைப் பெண்மணியிடம் குனிந்தாள். "ஆன்டி, கொஞ்சம் அமைதியா லா. லைவ் போகுது."

"நீ போம்மா! போன தடவையே ஓட்டுப் பத்தாம போச்சு. இந்தத் தடவை விடறதா இல்ல."

பாவம், தோற்றுப்போன ஏதோ ஒரு பிள்ளையின் அம்மா போலிருக்கிறது. அந்த அம்மா பின்னால் திரும்பி, "சத்தம் பத்தல!" என்று கத்தினார்.

காதுக்கருவியில் குகன் அலறினான். "உஷாக்கா! இது தேர்தல் உரையா, பாட்டுப் போட்டியா? ஏதாச்சும் செய்ங்க!"

விளம்பர இடைவேளை நான்கு நிமிடம். இரண்டாம் அரங்கத்துக்கு ஓடினாள். அங்கே போட்டி இன்னும் தொடங்கவில்லை. பூப்போட்ட பாத்தேக் சட்டையும் பட்டுச் சேலையுமாக ஐம்பது பேர், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, மூச்சு விடுவதற்குக்கூட அனுமதி கேட்பவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பொறுப்பைச் சுமப்பவர்களுக்குத்தான் இப்படியோர் அமைதி வரும்.

"எல்லாரும் எழுந்து பக்கத்து அரங்கத்துக்கு வாங்க. சீக்கிரம்!"

ஒரு பெண் தயங்கினாள். "தங்கச்சி, நாங்க வந்து..."

"பேசக்கூடாதுக்கா. லைவ்."

அவள் மிரண்டு வாயை மூடிக்கொண்டாள்.

விசில் கூட்டத்தைக் கிளப்புவது சிரமமாக இல்லை. "குடிக்க மைலோ, சாப்பிட கறிபாப் எல்லாம் அந்த ரூம்ல" என்றதும் முன்வரிசை ஆன்டிதான் முதலில் எழுந்தார்.

இடைவேளை முடிந்தது. "நமக்கு என்ன வேண்டும்?" என்று முழங்கிவிட்டு டத்தோ காத்திருந்தார். பதில் இல்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார். நன்றாகவே வேலை செய்தது. ஐம்பது ஜோடிக் கண்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தன. அவருக்கு வியர்த்தது. பேச்சு மறந்தது. கடைசியில், வேறு வழி தெரியாமல், ஒரு தாலாட்டை இரண்டு வரி பாடினார்.

பாத்தேக் சட்டைக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "சுருதி சேரல."

உஷாராணி சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுத்த மாதம் எங்கே வேலை தேடுவது என்று மனம் கிளம்பிவிட்டது.

உரை முடிந்ததும் குகன் ஓடி வந்தான். கையில் ஒரு தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, முதலாளி போன் பண்ணாரு. பேச்சு சொதப்பலாம். ஆனா பின்பாதிக் கூட்டம் அபாரமாம்! 'கட்சிக்காரங்கன்னா இப்படி இருக்கணும், என்னா கட்டுப்பாடு'ன்னாரு. ஒரு வருஷ ஒப்பந்தம். இங்க சைன் பண்ணுங்க."

அவள் பேனாவை வாங்கியபோது, தயங்கிய அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்பவாச்சும் பேசலாமா தங்கச்சி? அங்க எங்க பிள்ளைங்க பாடிட்டு இருக்காங்க. எங்களை எதுக்கும்மா கட்சிக்காரங்க சீட்ல உட்கார வெச்சீங்க?"