சேஃப்டி அண்ணன் ட்ரோன் விட்ட கதை

மலாக்கா மாநிலத்தில் எழுதி வைத்த விதிகளை எல்லாம் மதித்து நடந்த ஒரே மனிதர் எங்கள் சேஃப்டி அண்ணன்தான். எழுதாத விதி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்துப் போய், அதையும் மதித்துவிட்டு வருவார். சுங்கை ஊடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் அவருடைய அடையாளக் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தங்கா பத்துவில் ‘லோரோங்’ என்று நாங்கள் சொல்லும் எங்கள் சந்துக்கே அவர் சேஃப்டி.

மகள் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் மைக்கை வாங்கி, தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக வெளியேற வேண்டும் என்று அறிவித்தவர் அவர். மாப்பிள்ளை அந்தக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்ததைச் சம்பந்தி வீட்டார் இன்னும் மறக்கவில்லை. வீட்டில் பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினாலும் தலையில் ஹெல்மெட் இருக்கும். நாற்காலியைப் பிடித்துக்கொள்ள நான் இருப்பேன். பக்கத்து வீட்டுக்காரனாக எனக்கு வாய்த்த உத்தியோகம் அது.

அப்படிப்பட்டவர் ட்ரோன் வாங்கினார் என்றால் காரணம் இல்லாமலா? காரணம் அண்ணி. அண்ணி புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய், சக்கர நாற்காலியில் இருக்கிறார். அந்த எஸ்டேட் முருகன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது என்று பேச்சு வந்தபோது, “எனக்கு எதுக்கு தம்பி? இந்த நாற்காலியில உக்காந்து எல்லார் முதுகையும் பாத்துட்டு வரணும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாளே மலாக்கா டவுனுக்குப் போய் ட்ரோனோடு வந்து இறங்கினார். கோபுரக் கலசத்தில் தீர்த்தம் ஊற்றுவதை அண்ணி திரையில் பார்த்துவிட வேண்டும். இதை விட்டால் அடுத்தது இன்னும் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான்.

ட்ரோன் வந்துவிட்டது. அதைப் பறக்க விடலாமா, கூடாதா என்பதுதான் தெரியவில்லை. கடைக்காரர் “போலே, போலே” என்று மலாயில் தாராளமாக அனுமதி கொடுத்துப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். கடைக்காரர் சொன்னால் போதுமா? அண்ணன் அலுவலகம் அலுவலகமாக ஏறினார். சின்ன ட்ரோனுக்கு ஒன்றும் வேண்டாம் என்றார் ஓர் அதிகாரி. அண்ணன் நன்றி சொல்லிவிட்டு, ‘வேண்டாம்’ என்பதை எழுத்தில் கேட்டார். அதிகாரி மேலிடத்தைக் கேட்டார். விதி மாறப்போகிறது, பொறுங்கள் என்றது மேலிடம். சில வாரம் கழித்துக் கேட்டபோது மாறிவிட்டது என்றார்கள். எப்படி மாறியது என்பது மட்டும் இன்னும் வந்து சேரவில்லையாம். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில், ட்ரோன் விட்டால் ஜெயில் என்று காலையில் ஒரு செய்தி, அது வெறும் புரளி என்று மாலையில் ஒரு செய்தி. அண்ணன் இரண்டையும் நம்பினார்.

வீட்டில் பழகிப் பார்க்கவும் வழியில்லை. ஒரு பக்கம் எண்ணெய் ஆலை, ஒரு பக்கம் ராணுவ முகாம், இன்னொரு பக்கம் விமான நிலையம். அண்ணன் வரைபடத்தில் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டார். எங்கள் லோரோங் எல்லா வட்டத்துக்குள்ளும் மாட்டிக்கொண்டது.

ஆகவே நான் ட்ரோன் ஆனேன். இறக்கைகளைக் கழற்றிவிட்டு, ட்ரோனை என் இரண்டு கையிலும் கொடுத்து, அண்ணன் கன்ட்ரோலரோடு போர்ட்டிக்கோவில் நிற்பார். அவர் விரல் வலது பக்கம் போனால் நான் வலது பக்கம் போக வேண்டும். மேலே என்றால் கையைத் தூக்க வேண்டும். ஒருநாள் துணிக்கொடியில் என் கழுத்து மாட்டிக்கொண்டது. ஓடிவந்தவர், “ட்ரோனுக்கு ஒண்ணும் ஆகலியே?” என்றார். அண்ணி சிரித்த சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டது.

மனிதர் விடவில்லை. எத்தனை மேசை முன்னால் உட்கார்ந்தாரோ, கடைசியில் அனுமதி வந்தது. கும்பாபிஷேகத்தன்று காலை பத்தரை மணி வரை விடலாம். ஆட்களின் தலைக்கு மேல் போகக் கூடாது, ட்ரோனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பழகுவதற்குக் கோயில் பக்கத்துத் திடலும் கிடைத்தது. எனக்கும் விடுதலை கிடைத்தது.

அன்று பட்டு வேட்டிக்கு மேல் பளபளக்கும் பச்சைச் சட்டை, தலையில் ஹெல்மெட்டோடு அண்ணன் திடலில் நின்றார். அண்ணிக்கும் ஒரு ஹெல்மெட். சுற்றி ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருந்தார். அதைப் பார்த்து, கார் நிறுத்தும் இடம் இதுதானா என்று மூன்று பேர் வந்து கேட்டார்கள். ட்ரோன் செம்பனை மரங்களின் ஓரமாகவே ஏறிக் கோபுரத்துக்கு நேராக நின்றது. அண்ணியின் மடியிலிருந்த திரையில் கலசம் தெரிந்தது.

குருக்கள் குடத்தோடு சாரத்தின் உச்சியில் காத்திருந்தார். கருடன் வந்து வட்டமிட்ட பிறகுதான் தீர்த்தம் ஊற்றுவார்கள். கருடனைக் காணவில்லை. நல்ல நேரத்துக்கு இன்னும் அவகாசம் இருந்தது, அண்ணனுடைய அனுமதிக்குத்தான் இல்லை. பத்தரையை நெருங்கும்போது கூட்டம் ஒரே குரலாக “அரோகரா” என்றது. வந்துவிட்டது கருடன். அண்ணன் சட்டென்று ட்ரோனைக் கீழே இறக்கிவிட்டார்.

“ஏண்ணே, இப்பப் போய் எறக்கிட்டீங்க?”

“மேல ஆள் வந்துட்டா நம்ம வழி விடணும் லா. அதான் ரூல்.”

கருடன் ஆற அமரச் சுற்றிவிட்டுப் போனது. அதற்கு யாரும் நேரம் குறித்துக் கொடுக்கவில்லையே. குருக்கள் குடத்தைத் தூக்கினார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டிவிட்டது. இந்த மனிதரை எனக்குத் தெரியும். ராஜாவே வந்து சொன்னாலும் இனி விரலை அசைக்க மாட்டார்.

அண்ணிக்கும் தெரியும். “பரவால்லங்க, நேரம் முடிஞ்சிருச்சு. இது வரைக்கும் பாத்ததே போதும்” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அண்ணன் ட்ரோனைத் தொடாமலே நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ மணியப் பாக்காத.”

ட்ரோன் ஏறியது. திரையில் தீர்த்தம் கலசத்தின் தலையில் விழுந்து, வெயிலில் மின்னிக்கொண்டு வழிந்தது. அண்ணி ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணீர் தாடையில் நின்றது, துடைக்கவில்லை. “என்னங்க, பாருங்க, தண்ணி வழியுது” என்றார். அண்ணன் பார்க்கவில்லை. ட்ரோனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாதல்லவா? ஒரு விதியை மீறியாயிற்று, இன்னொன்றை எப்படி மீறுவார்? அத்தனை கூட்டத்தில் அந்தக் கும்பாபிஷேகத்தைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

பிரசாதம் வாங்கிய கையோடு நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த மலாய்க்காரத் தம்பி, யார் மேல் புகார் என்று கேட்டார். என் மேல்தான் என்றார் அண்ணன். நேரம் தாண்டிப் பறக்க விட்ட கதையை ஒன்று விடாமல் ஒப்பித்தார். போலீஸ்காரர் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்து, எழுதாமல் வைத்துவிட்டு, மனைவிக்குத் திரையில் தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். நன்றாகத் தெரிந்தது என்றார் அண்ணன். அப்படியானால் வீட்டுக்குப் போங்கள் அங்கிள், இனிமேல் செய்யாதீர்கள் என்று அனுப்பிவைத்தார். தண்டனை இல்லை என்பதில் அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

திரும்பும்போது, கலசம் எப்படி இருந்தது, தீர்த்தம் எந்தப் பக்கம் முதலில் வழிந்தது, குருக்களின் துண்டு காற்றில் எப்படிப் பறந்தது என்று அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “ம், அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். சைக்கிள்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. அந்தக் கார் இன்னும் மெதுவாகப் போயிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.