நடுக்குளத்தில் கவரேஜ்

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் என்பது பாலைப்பிட்டிக்குளத்து மக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த தவறான நம்பிக்கை. நீர்ப்பங்கு நவீனமயமாக்கல் பணியகம் சென்ற பங்குனியில் அதைத் திருத்தி வைத்தது. இனித் தண்ணீர் போனிலிருந்து வயலுக்குப் பாயும்.

சுற்றறிக்கை தெளிவாகவே இருந்தது. கோடைச் சிறுபோகத்துக்கு நீர் பெற விரும்பும் கமக்காரர் ஒவ்வொருவரும் திறன்பேசி ஒன்றைத் தம்வசம் வைத்திருத்தல் வேண்டும். தமது வயலைப் படம் பிடித்துப் பணியகத்தின் செயலி ஊடாக அனுப்புதல் வேண்டும். படம் எவ்விடத்திலிருந்து அனுப்பப்படுகிறதோ அவ்விடமே வயல் அமைந்துள்ள இடமாகக் கருதப்படும். இரண்டு கிழமைக்குள் அனுப்பாதவர்க்குத் தண்ணீர் இல்லை.

நாகேஸ்வரியிடம் இருந்தது பொத்தான் போன். மூன்று தரம் வாய்க்காலில் விழுந்தும் உயிரோடு இருந்தது. ஆனால் அதற்குப் படம் பிடிக்கத் தெரியாது. மாரி வெள்ளம் காலபோகத்து நெல்லை வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு ஏக்கர் சிறுபோகமும் தவறினால் கடையில் அரிசி வாங்கவேண்டும். கமம் செய்கிறவள் கடையரிசி வாங்குவதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. சீலையை மாற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறினாள்.

போன்கடை சிறாஜ் நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியாமலே வியாபாரத்துக்கு வந்துவிட்டவன்.

"அக்காவுக்கு என்ன மாதிரிப் போன் வேணும்?"

"வயலைப் படம் எடுக்கிற போன்."

"இதைப் பாருங்கோ. நூற்றெட்டு மெகாபிக்சல்."

"அது எத்தனை ஏக்கர் வரும் தம்பி?"

"அது நிலத்தை அளக்கிறதில்லை அக்கா, படத்தின்ர தெளிவு. வயலில நிக்கிற ஒவ்வொரு புல்லையும் எண்ணலாம்."

"அப்ப அது வேண்டாம். புல்லுத் தெரியாத போனாப் பாத்துத் தாரும்."

சிறாஜ் இன்னொன்றை எடுத்தான். "இது முகத்தை வெள்ளையாக்கும். இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கினம்."

"நெல்லு வெளுத்தால் நோய் எண்டெல்லோ நினைப்பாங்கள்?"

கடைசியில் மெகாபிக்சல் குறைந்த, யாரையும் வெள்ளையாக்காத போன் ஒன்று தெரிவாயிற்று. அதற்குப் பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. நீலக் கம்பனியா, மஞ்சள் கம்பனியா, ஊதாக் கம்பனியா? மூன்றின் விளம்பரத்திலும் ஒரே பெண்பிள்ளை ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றாள். மூன்று கம்பனியும் நாட்டு மக்களில் தொண்ணூற்றொன்பது வீதமானோருக்குச் சேவை வழங்கி வந்தன.

"மிச்சம் ஒரு வீதம் ஆர் தம்பி?"

"நீங்கள்தான் அக்கா."

"ஆட்டம் பாட்டம் பாக்க அளவில்லாத டேட்டா எண்டு போட்டிருக்கு. வயல் பாக்க?"

"அதுக்கு பக்கேஜ் இல்லை. உங்கட ஊரில நீலம்தான் கொஞ்சம் எடுக்கும். நடுக்குளத்தில முழுசா வருதாம், மீன்காரர் சொல்லுறவை."

"நடுக்குளத்தில எனக்கென்ன வேலை?" என்று நாகேஸ்வரி சிரித்தாள். மனிதர் இப்படித்தான் வருவது தெரியாமல் சிரிக்கிறார்கள்.

ஊரில் அதற்குள் ஜனங்கள் மூன்று கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு கம்பனிக்காரர் மற்றக் கம்பனிக்காரரை ஏளனமாகப் பார்த்தார். தலைவாய்க்கால் அப்புத்துரை, இடுப்பில் கட்டும் சாறத்தைப்போல் மடித்து வைக்கக்கூடிய போன் ஒன்றை எடுத்து, அதற்குள் ஊதாச் சிம்மைப் போட்டு, வைரவர் கோயிலடியில் நின்று நாள் முழுக்க மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். கவரேஜ் இல்லாத போனை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வது?

நாகேஸ்வரி வயலில் நின்று படம் எடுத்தாள். படம் அச்சொட்டாய் வந்தது. அனுப்பினாள். வட்டம் ஒன்று சுற்றியது. வரம்பில் ஏறினாள், சுற்றியது. உழவு மெசினில் ஏறிக் கையை உயர்த்தினாள், அப்போதும் சுற்றியது. குளக்கட்டுக்குப் போனாள். அங்கே ஒரே ஒரு கோடு தெரிந்து, அவளைக் கண்டதும் மறைந்தது. டவர் குளத்துக்கு அக்கரையில் இருந்தது. இடையில் நின்ற காட்டு மரங்கள் அதை மறைத்தன. மரமில்லாத இடம் தண்ணீர் மட்டும்தான்.

தவணை முடிய மூன்று நாள் இருந்தது. குளத்தில் மீன்பிடிக்கும் பழனியாண்டி வள்ளத்தைக் கரைக்கு விட்டான்.

"ஏறுங்க அக்கா. நடுவுல போனா நாலு கோடும் நிக்கும்."

நடுக்குளத்தில் நாலு கோடும் நின்றன. வயலின் படம் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தது. பச்சைச் சரி அடையாளம் விழுந்ததும் நாகேஸ்வரி கும்பிட்டாள்.

மறுநாள் குளக்கட்டில் வரிசை. மஞ்சளும் ஊதாவும் இரவோடிரவாக நீலமாகின. சிறாஜின் கடையில் நீலச் சிம் தீர்ந்துபோனது. பழனியாண்டி ஒரு தரத்துக்கு நாலு பேராக ஏற்றி இறக்கினான். மீன்பிடியைவிட விவசாயம்தான் அவனுக்கு வேலை கூடியதாக இருந்தது. வள்ளத்தில் ஏறுவதைக் கௌரவக் குறைவாக நினைத்த அப்புத்துரை மட்டும், படத்தையும் கடவுச்சொல்லையும் கோயிலடியில் இடைக்கிடை வந்துபோகும், செயலிக்குப் போதாத அரைக் கோட்டில் கனடாவிலிருந்த மகளுக்கு அனுப்பி, அவளைக்கொண்டு அனுப்புவித்தார்.

அடுத்த கிழமை சிறுபோகக் கூட்டம். பணியக உத்தியோகத்தர் தயாபரன் பெரிய திரையில் வரைபடத்தைக் காட்டினார். குளம் நீலமாக இருந்தது. அதன் நடுவில் அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள்.

"மொத்தம் அறுபத்து மூன்று வயல்கள். அவற்றில் அறுபத்திரண்டு வயல்கள் ஏற்கெனவே நீரினுள் அமைந்திருப்பதால், அவற்றுக்கு நீர் திறந்துவிடவேண்டிய தேவை எழவில்லை" என்று அவர் வாசித்தார். "எஞ்சிய ஒன்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே வாய்க்கால் வெட்டும் அதிகாரம் பணியகத்துக்கு இல்லை."

நாகேஸ்வரி எழும்பினாள். "தம்பி, போன வருசம் என்ர வரம்பில நிண்டு இளநி குடிச்சனீரெல்லோ?"

"ஓம் அக்கா. எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத்தான் தெரியாது."

"உந்த யன்னலால எட்டிப் பாரும். வயல் தெரியுது."

தயாபரன் நேர்மையானவர். எழுந்து போய்ப் பார்த்தார். "தெரியுதுதான். ஆனா கண்ணால கண்டதைப் பதிய இதில இடமில்லை."

"அப்ப திருத்தேலாதோ?"

"ஏன் ஏலாது? வயலில நிண்டு திரும்ப அனுப்புங்கோ."

"வயலில கவரேஜ் இல்லை எண்டுதானே குளத்துக்கை போனனாங்கள்!"

"அந்த முறைப்பாட்டையும் செயலியில போடலாம் அக்கா. வயலில நிண்டுதான் போடவேணும்."

 விதைநெல் மூட்டையில் கிடக்கிறது, குளம் முட்ட நிற்கிறது, நடுவில் ஒரு போன் மறித்துக்கொண்டு நிற்கிறது. நாகேஸ்வரி நேரே போய் வள்ளத்தில் ஏறினாள். செயலியைத் துழாவினாள். 'நீர் போதாது' என்ற பொத்தான் அவளுக்கு வேலை செய்யவில்லை, நீருக்குள் இருக்கும் வயலுக்கு அது பொருந்தாதாம். அதன் கீழே சிவப்பில் இன்னொன்று இருந்தது: 'வயல் வெள்ளத்தில் மூழ்கியுள்ளது. அவசரம்.'

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அமத்தினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "உங்கள் துயரில் பணியகமும் பங்குகொள்கிறது."

அன்று மாலைக்குள் மற்ற அறுபத்தொரு பேரும் அதே துயரை அமத்தினார்கள். விடிந்ததும் கட்டளை பிறந்தது. மூழ்கிய வயல்களை மீட்கும்பொருட்டு, அவை நீரிலிருந்து முற்றாக வெளிப்படும்வரை குளத்து மதகுகளான துருசுகள் யாவும் முழுமையாகத் திறந்திருக்கும்.

தண்ணீர் வந்தது! வாய்க்கால் நிறைந்து, வயல் நிறைந்து, ஊரே விதைத்தது. வைரவருக்குப் பொங்கினார்கள். "படிச்சவனையே பேய்க்காட்டின பொம்பிளை" என்று நாகேஸ்வரியைப் புகழ்ந்தார்கள். அவளும் கொஞ்சக்காலம் தலையை நிமிர்த்தித்தான் நடந்தாள். ஏன் பொய் சொல்லவேண்டும்?

வயலுக்குப் போதுமென்ற பின்னும் தண்ணீர் நிற்கவில்லை. வரம்பை மேவிக் காட்டுக்குள் இறங்கி, கடலைப் பார்த்து ஓடத் தொடங்கியது. நாகேஸ்வரி தயாபரனிடம் ஓடினாள்.

"தம்பி, தண்ணி காணும், இனிப் போதும். துருசைப் பூட்டச் சொல்லும்."

"எப்பிடி அக்கா பூட்டுறது? உங்கட வயல் இன்னும் வெள்ளத்தில தாண்டுபோய்க் கிடக்கு. சிஸ்டம் சிவப்பாக் காட்டுது."

"அது நாங்கள் சும்மா அமத்தினது."

"அப்ப 'தவறான தகவல் வழங்கியதை ஒப்புக்கொள்கிறேன்' எண்டு ஒரு பொத்தான் இருக்கு. ஒராள் அமத்தினாக் காணும், துருசு பூட்டப்படும். அமத்தினவருக்கு நாலு போகத்துக்குத் தண்ணி இல்லை."

ஊர் கூடியது. ஒருவர் அமத்தினால் எல்லாரும் தப்பலாம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ஒருவர் யார் என்பதில்தான் இருந்தது. தொடங்கியவள் நாகேஸ்வரி என்றார்கள் சிலர். கடைசியாக அமத்தியவரே பொறுப்பு என்றாள் நாகேஸ்வரி. அப்புத்துரை தன் வயல் கனடாவில் இருப்பதால் இதில் தலையிட முடியாது என்றார். எட்டு நாள் கூட்டம் நடந்தது. எட்டு நாளும் தண்ணீர் ஓடியது. அறுபத்திரண்டு போனும் அறுபத்திரண்டு மடியில் பத்திரமாக இருந்தன.

ஒன்பதாம் நாள் பழனியாண்டியின் வள்ளம் சேற்றில் இருந்தது.

நெல் குடலையாகிக் கதிர் தள்ளப் பார்த்த நேரம் வயல் பாளம் பாளமாக வெடித்தது. நாகேஸ்வரி வரம்பில் குந்தியிருந்து அழுதாள். பக்கத்து வரம்புகளிலும் அழுதார்கள். அவரவர் அழுகைக்கு மற்றவரே காரணம் என்பதில் மட்டும் ஊர் ஒற்றுமையாக இருந்தது.

எழும்பிக் குளக்கட்டால் போனபோது அந்த ஒற்றைக் கோடு தெரிந்தது, செய்தியும் வந்தது. "உங்கள் வயல் வெற்றிகரமாக மீட்கப்பட்டது. எமது சேவைக்கு நட்சத்திரம் வழங்குக. வழங்காதோருக்குக் காலபோகப் பதிவு திறக்கப்படமாட்டாது."

நாகேஸ்வரி வெடித்த குளத்துக்குள் நடந்தே நடுவுக்குப் போனாள். நாலு கோடும் நின்றன. ஆத்திரத்தோடு ஒரு நட்சத்திரம் வைத்தாள். உடனே கேள்வி விழுந்தது: "அதிருப்திக்கான காரணத்தை உங்கள் வயலில் நின்று விளக்குக." திரும்பிப் பார்த்தாள். தலையில் துவாயைப் போட்டபடி ஊரே வரிசையில் நின்றது. நீலச் சிம்மோடு அப்புத்துரையும் நின்றார்.

"எத்தனை போட்டனீங்கள் பிள்ளை?" என்று கேட்டார்.

"அஞ்சு" என்றாள் நாகேஸ்வரி. சொல்லிவிட்டு அதைப் போட்டாள்.

அறுபத்து மூன்று பேரும் ஐந்து போட்டார்கள். கமக்காரரின் ஏகோபித்த வரவேற்பைத் தொடர்ந்து, இத்திட்டம் வரும் போகத்திலிருந்து மிச்சமுள்ள எல்லாக் குளங்களுக்கும் விரிவுபடுத்தப்படுகிறது.